பன்னிரண்டு எடைக்கற்களும் பதினோரு துணிகளும்

வாக்குமூலம் அளிப்பவர்: நகர மன்ற எடையளவுப் பிரிவின் அலுவலக உதவியாளர். இயற்பெயர் தனித்தாளில் பதியப்பட்டுள்ளது. அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் ‘பளபளா’ என்று அழைக்கப்படுபவர்.
வயது: முப்பத்தொன்பது.
முகவரி: தண்ணீர்த் தொட்டித் தெரு, பதினான்காம் எண் வீட்டின் மாடி.
பதிவு செய்த இடம், நாள், நேரம்: நகர மன்றக் கட்டடம், முதல் தளம், எடையளவு அறை. டிசம்பர் பன்னிரண்டு, காலை பத்தே கால் மணி.

மேற்கண்ட முகவரியில் நான் என் பெண் குழந்தையுடனும், என் கணவரின் அக்காவான நாத்தனாருடனும் குடியிருந்து வருகிறேன். கணவர் இந்த ஆண்டு ஜூன் மாதம் காலமானார். நான் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இந்த வாக்குமூலத்தை அளிக்கிறேன். சென்ற மாதம் மூன்றாம் தேதி இதே விசாரணை அலுவலர் கேட்டபோது, எங்கள் பிரிவின் எடைக்கற்கள் எப்படித் தேய்ந்தன என்று எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன். அது பொய். அன்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலை போனால் என்ன செய்வது என்ற ஒரே நினைப்பில் வாய் தானாக ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டது. என்னால் இப்போது எங்கள் எடையளவு ஆய்வாளர் தற்காலிகப் பணிநீக்கத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மேல் வழக்கும் வரப்போகிறது என்கிறார்கள். ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் நான் அலுவலரிடம், “சார், நீங்க மைய அரசு ஆளா, நகர மன்றத்து ஆளா?” என்று கேட்டேன். அவர், “அதை முடிவு பண்ணத்தான் ஒரு கமிட்டி போட்டிருக்காங்க. நீங்க சொல்லுங்க” என்றார்.

கடைகளிலும் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் உள்ள தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அதிகாரம் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை மைய அரசிடம் இருந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை தலைநகரத்திலிருந்து சாம்பல் நிற வண்டியில் ஓர் அதிகாரி வருவார். அவர் வருவது கடைத்தெருவுக்கு மூன்று நாள் முன்னதாகவே தெரிந்துவிடும். தராசுகள் எல்லாம் ஒழுக்கமாக இருக்கும். அவர் வண்டி பாலம் தாண்டியதும் தராசுகள் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். ஒருமுறை அவருடைய பெட்டியை மாடிக்கு எடுத்துச் செல்ல நான் கை வைத்தேன். “அதைத் தொடாதம்மா” என்றார். ஏன் என்று சொல்லவில்லை. நம்மைத் தாழ்வாக நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு சட்டம் மாறி, இந்த அதிகாரம் அந்தந்த நகர மன்றங்களுக்கே வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, தலைநகரத்திலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே நீல வெல்வெட்டில் குழி குழியாகத் தோண்டி, பன்னிரண்டு பித்தளை எடைக்கற்கள் வைக்கப்பட்டிருந்தன. ஐந்து கிலோவில் தொடங்கி ஒரு கிராம் வரை. ஊரிலுள்ள எல்லாத் தராசுகளையும் இனி இந்தப் பன்னிரண்டையும் வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். இவை சரியாக இருந்தால் ஊர் சரியாக இருக்கும். அன்று பெட்டியைத் திறந்து பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எல்லாம் மங்கிப்போய், பழைய காசு நிறத்தில் இருந்தன.

சுகாதாரப் பிரிவில் இருபது ஆண்டு இருந்தவரை எடையளவு ஆய்வாளராக மாற்றினார்கள். அரை கிராம் வித்தியாசத்தையும் விடமாட்டார் என்பதால் கடைக்காரர்கள் அவருக்கு ‘அரை கிராம்’ என்றே பெயர் வைத்தார்கள். அவருக்குத் தலைநகரத்தில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். எடைக்கற்களைப் பராமரிப்பது பற்றி அவர் கேட்டதற்கு, “எல்லாம் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதியிருக்கும், அதன்படி செய்யுங்கள்” என்று சொல்லி அனுப்பினார்களாம். அதை அவரே என்னிடம் பின்னால் சொன்னார்.

அவர் பயிற்சியில் இருந்த அந்தப் பத்து நாளுக்குள்தான் நான் முதல் தவற்றைச் செய்தேன். நகர மன்றத் தலைவர் இந்த அறைக்கு வந்து பெட்டியைப் பார்த்தார். அதிகாரம் நமக்கு வந்ததற்கான அரசாணையின் நகலை நல்ல தாளில் அச்சிட்டு, மூடியின் உட்புறத்தில் ஒட்டச் சொன்னார். “திறந்ததும் அதுதான் முதல்ல கண்ணுல படணும்” என்றார். அங்கே ஏற்கனவே ஒரு தாள் ஒட்டியிருந்தது. பழுப்பேறிய தாள், சிறிய எழுத்து. நான் அதைப் படித்தேன். முழுவதும் படிக்கவில்லை. கையால் தொடக்கூடாது, துடைக்கக்கூடாது என்று இரண்டு வரி வரைக்கும் படித்தேன். அடியில் மைய அரசின் முத்திரை இருந்தது. ‘அதைத் தொடாதம்மா’ என்ற குரல் காதில் கேட்டது. இது அவர்கள் விதி, அவர்கள் காலம் முடிந்துவிட்டது, இனி நம் விதி என்று நினைத்துக்கொண்டு, பசை தடவி, புதிய தாளை அதன் மேல் ஒட்டினேன். ஓரங்களை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டேன். சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருக்கிறாய் என்று தலைவர் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பத்தாம் நாள் ஆய்வாளர் திரும்பி வந்து, சொன்னபடியே பெட்டியைத் திறந்து மூடியைப் படித்தார். அரசாணை இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு, “இதுல பராமரிப்பு பத்தி ஒண்ணும் இல்லையே” என்றார். நான் தேநீர் கொண்டுவரப் போய்விட்டேன்.

(இந்த இடத்தில் வாக்குமூலம் அளிப்பவர் தண்ணீர் கேட்டார். கொடுக்கப்பட்டது.)

அதன் பிறகு பெட்டியைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, மூடியைத் திறந்தபடி காட்சிக்கு விட்டோம். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ‘நம்ம ஊர் எடை’ என்று தலைவர் விளக்கம் சொன்னார். அவ்வளவு மங்கலாக இருப்பதைப் பார்த்து ஒரு பெண் பிள்ளை, “பழசையா குடுத்தாங்க?” என்று கேட்டாள். தலைவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்று மாலையே நான் கடைக்குப் போய்ப் பித்தளை தேய்க்கும் பசை ஒரு டப்பா வாங்கினேன். என்னிடம் யாரும் துடைக்கச் சொல்லவில்லை. ஆய்வாளர் சொல்லவே இல்லை. அவர் பெட்டியை எடுக்காமல், கடைகளில் முத்திரைகளை மட்டும் பார்த்துவரப் போகும் நாட்களான திங்கள், புதன், வெள்ளியில்தான் நான் இதைச் செய்தேன்.

எப்படிச் செய்தேன் என்று அலுவலர் கேட்டார். இந்த அறையில் மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் ஆள் வரமாட்டார்கள். மேலே இருக்கும் அந்தச் சின்ன ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து மேசை மேல் ஒரு கட்டமாக விழும். நான் அந்தக் கட்டத்துக்குள் எடைக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணி. என் கணவரின் பழைய சட்டைகளை ஒரே அளவாகக் கிழித்து, மூலையில் எந்த எடைக்கு எந்தத் துணி என்று நூலால் தைத்து வைத்திருந்தேன். பசையைத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்ப்பேன். முதலில் கறுப்பு வரும். அப்புறம் மஞ்சள் தெரியும். அப்புறம் ஜன்னல் தெரியும், அப்புறம் என் முகம். ஐந்து கிலோவில் என் முகம் அகலமாக இருக்கும், ஐம்பது கிராமில் கடுகளவு இருக்கும். தேய்த்துக்கொண்டே இருக்கும்போது கண் பாதி மூடிவிடும். விசிறி ஓடும் சத்தம் எங்கோ தூரத்தில் போய்விடும். கை மட்டும் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். தூங்கினேன் என்று சொல்ல முடியாது. விழித்திருந்தேன் என்றும் சத்தியம் செய்ய முடியாது. அந்த நேரத்தில் எனக்கு எந்தக் கவலையும் இருக்காது.

கவலை இல்லாத நேரம் எனக்குத் தேவையாக இருந்தது. என் கணவர் மாவு ஆலையில் பொட்டலம் எடை போடும் வேலையில் இருபத்திரண்டு ஆண்டு இருந்தவர். தராசில் வைக்கும் முன்பே கையில் வாங்கி, கண்ணை மூடி, எடையைச் சொல்லிவிடுவார். ஆலையில் பந்தயம் கட்டிப் பார்த்துத் தோற்றவர்கள் நிறையப் பேர். அந்த மாவுத் தூசி நெஞ்சில் இறங்கி, மூன்று ஆண்டுகளாக அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு ஆண்டு குழந்தை இல்லை. வீட்டில் அவர் இருமல் ஒரு பக்கம், நாத்தனாரின் பெருமூச்சு ஒரு பக்கம். அந்த மதியங்களில்தான் எனக்கு மூச்சு விட முடிந்தது. இதை மன்னிப்புக் கேட்பதற்காகச் சொல்லவில்லை. ஏன் விடாமல் செய்தேன் என்று கேட்டதால் சொல்கிறேன்.

ஆய்வாளர் திரும்பி வந்து அலமாரியைப் பார்ப்பார். “என்ன பளபளா, ஒரு நாளைக்கு நம்ம கண்ணைப் பறிச்சிடும் போலிருக்கே” என்பார். உலர்ந்த துணியால் தூசி தட்டுகிறேன் என்றுதான் அவர் நினைத்திருந்தார். பசை டப்பா என் பையில் இருந்தது. தலைவர் தினமும் போகும்போது ஐந்து கிலோவைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போவார்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடைக்கற்களை மேல் ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டுமாமே என்று அலுவலர் கேட்டார். ஆய்வாளர் தலைநகரத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். தபாலில் சேர்த்தது நான்தான். ‘சரிபார்க்கும் அதிகாரம் இப்போது தங்களுடையது’ என்று மூன்று முறையும் ஒரே பதில் வந்தது. இங்கேயே ஓர் ஆய்வுக் கூடம் அமைத்துத் தரும்படி அவர் தலைவரிடம் கேட்டதற்கு, “அதான் தங்கம் மாதிரி மின்னுதே, இன்னும் என்ன சரிபார்க்கணும்?” என்றார். அந்தக் கடிதங்கள் கோப்பில் உள்ளன.

அதன் பிறகு, இந்த ஆண்டு பிப்ரவரி மாதம், நகரத் தாய் சேய் மருத்துவமனையில் குழந்தைகளை எடை போடும் கருவிக்கு முத்திரை குத்தப் போனோம். நான் அப்போது ஐந்து மாதம். பதினாலு ஆண்டுக்கு அப்புறம் வந்தது என்பதால் ஆய்வாளர் என்னைப் பெட்டியைத் தூக்க விடவில்லை. இரண்டு கிலோ எடைக்கல்லை மட்டும் அதன் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். சாலை மேடு பள்ளமாக இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தேன். வயிற்றுக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு கனங்கள் ஒன்றோடொன்று மெதுவாக முட்டிக்கொண்டன. மருத்துவமனையில் ஆய்வாளர் அந்த எடைக்கல்லைக் கருவியில் வைத்து, சரியாக இரண்டாயிரம் காட்டும்படி திருகி, முத்திரை குத்தினார். அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு ஏப்ரல் கடைசியில், நாளுக்கு முன்னதாகவே எனக்குப் பிரசவம் ஆகி, அதே மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. அதே கருவியில் ஆயிரத்து நானூற்று அறுபது கிராம் காட்டியது. எடை இரண்டு கிலோ வந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். அது அங்கே சுவரில் எழுதிப் போட்டிருக்கும் விதி. என் கணவருக்கு இருமல் இருந்ததால் குழந்தைகள் பகுதிக்குள் அவரை விடவில்லை. அவர் எதிர்ப்புறம் பஸ் நிறுத்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வார். தினமும் காலை ஒன்பது மணிக்கு எடை பார்த்ததும், நான் அன்றைய எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி, இரண்டாம் மாடி ஜன்னலில் தூக்கிக் காட்டுவேன். பார்த்ததும் அவர் கையை உயர்த்துவார். பஸ்ஸுக்குக் கை காட்டுகிறார் என்று நினைத்து இரண்டு மூன்று பஸ்கள் நின்றுவிட்டுப் போயின. மே மாதம் பாதியில் அவரால் பெஞ்சுக்கு வர முடியவில்லை. அதன் பிறகு நாத்தனார்தான் எண்ணை வீட்டுக்குக் கொண்டு போனார். டாக்டர் நாத்தனாரைத் தனியாகக் கூப்பிட்டு, என் கணவருக்கு இனி நாட்கணக்குத்தான் என்று சொல்லியிருந்தார். அதை நாத்தனார் என்னிடம் சொல்லவில்லை. அவர் எண்ணை வாங்கும்போது முகம் பார்க்காமல் வாங்கியதில் நான் தெரிந்துகொண்டேன்.

ஜூன் முதல் தேதி குழந்தையின் எடை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு கிராம். இரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குக் கருவி இரண்டாயிரத்து ஒன்று காட்டியது. நர்ஸ் குனிந்து மறுபடியும் பார்த்துவிட்டு, “ஒரே ஒரு கிராம் தாண்டியாச்சு. விதி விதிதான், கிளம்புங்க” என்று சிரித்தார். நான் அந்த எண்ணைத் தாளில் எழுதி ஜன்னலில் காட்டினேன். பெஞ்சில் அவர் இல்லை என்பது காட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மாலை நாலு மணிக்குக் குழந்தையோடு வீட்டுக்குப் போனேன். அவர் ஜன்னல் ஓரம் நாற்காலியில், சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு, தலை சீவி உட்கார்ந்திருந்தார். நாத்தனார் குழந்தையை அவர் இரண்டு கையிலும் வைத்தார். அவர் பொட்டலத்தைப் பிடிப்பது போலவே பிடித்து, கண்ணை மூடி, கொஞ்சம் தூக்கி இறக்கினார். “ரெண்டு கிலோ இல்லையே” என்றார். நான், “என்ன இல்ல?” என்றேன். “ஒரு சிட்டிகை கம்மி. யாரு முத்திரை குத்தின தராசு?” என்றார். “எங்க ஆபீஸ்தான்” என்றேன். “அதானே பார்த்தேன்” என்றார். நாத்தனார் வாயில் புடவையை வைத்துக்கொண்டு சிரித்தார். அவரும் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, இருமல் அடங்கும் வரை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்து, அதன் பிறகு மறுபடியும் கையை நீட்டினார். விளக்குப் போடும் வரை மடியில் வைத்திருந்தார். குழந்தை அவர் சுண்டு விரலைப் பிடித்திருந்தது. அவர் அதை எடுக்கச் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் உயிர் பிரிந்தது.

(இந்த இடத்தில் பதிவு பத்து நிமிடம் நிறுத்தப்பட்டு, மீண்டும் தொடர்ந்தது.)

நான் பேறுகால விடுப்பில் போன ஏப்ரலுக்குப் பிறகு எடைக்கற்களைத் தேய்க்கவில்லை. செப்டம்பரில் திரும்பி வந்தபோது அவை மறுபடி மங்கத் தொடங்கியிருந்தன. எனக்கு அவற்றைத் தொட மனம் வரவில்லை.

அந்த மாதம்தான் கடைத்தெரு நகைக்கடைக்காரர் தலைநகரத்திலிருந்து புதிய தராசு ஒன்றை வரவழைத்தார். ஆய்வாளர் நம் எடைக்கற்களை வைத்துச் சோதித்துவிட்டு, தராசு தவறு என்று சொல்லி முத்திரை குத்த மறுத்தார். நகைக்கடைக்காரர், “தப்பு என் தராசுல இல்ல, உங்க கல்லுல” என்று சொல்லித் தலைநகரத்துக்கு எழுதிப்போட்டார். எடைக்கல் லேசானால் ஊரில் எல்லாத் தராசும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், வியாபாரிக்கு லாபம், ஆகவே ஆய்வாளர் வேண்டுமென்றே அரம் போட்டு ராவியிருக்கிறார் என்பது புகார். அரை கிராம் என்று பேர் வாங்கியவர் மேல் இப்படி ஒரு புகார்.

அக்டோபரில் தலைநகரத்திலிருந்து ஓர் அம்மா தன்னுடைய பெட்டியோடு வந்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, மரக்கவ்வியால் நம் எடைக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன்னுடையதோடு ஒப்பிட்டார். அவருடையவை எல்லாம் பழைய காசு நிறத்தில் இருந்தன. பன்னிரண்டும் குறைவு. இரண்டு கிலோ எடைக்கல் மூன்று கிராம் குறைவு. அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “யார் இதைத் தேய்ச்சது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அறையில் ஆறு பேர் இருந்தோம். தலைவர் தரையைப் பார்த்தார். நான் கதவுக்குப் பக்கத்தில் தேநீர்த் தட்டோடு நின்றேன். ஆய்வாளர் என்னை ஒரு கணம் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன். “பெட்டி என் பொறுப்பு. நான்தான்” என்றார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு ஒரு வார்த்தை போதும். அவர் அதைச் சொல்லவில்லை.

அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நகர மன்றங்களுக்கு இந்தப் பொறுப்பைத் தாங்கத் தெரியவில்லை, அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று பரிசீலிக்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். அது பெரிய இடத்துச் சமாசாரம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: விதி எழுதியவர்கள் ஏன் என்று சொல்லாமல் கொடுத்தார்கள், வாங்கிய நாங்கள் எதற்கு என்று கேட்காமல் அதை மூடி ஒட்டினோம். அதிகாரம் கைமாறியது பித்தளைக்குத் தெரியாது. மைய அரசு கையில் எப்படித் தேயுமோ, அப்படித்தான் என் கையிலும் தேய்ந்தது.

சென்ற வாரம் ஆய்வாளர் வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து பழைய கைக்கடிகாரம் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். “சார், நான் போய்ச் சொல்லிடறேன்” என்றேன். “உனக்குக் கைக்குழந்தை இருக்கும்மா” என்றார். “உங்களுக்கும் வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கே சார்” என்றேன். அவர் கடிகாரத்தின் ஒரு சின்னச் சக்கரத்தை வெகுநேரம் தேடினார். அது அவர் உள்ளங்கையிலேயே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் இங்கே வந்தேன்.

மூடியின் உட்புறத்தில் ஒட்டியுள்ள அரசாணைக்குக் கீழே பழைய தாள் இன்னும் இருக்கிறது என்றும், ஆவி காட்டினால் கழன்று வரும் என்றும் சொன்னேன்.

(வாக்குமூலம் அளிப்பவர் முன்னிலையில், அலுவலகக் கெட்டிலில் நீர் கொதிக்க வைக்கப்பட்டு, பெட்டி மூடிக்கு நீராவி காட்டப்பட்டது. மேல் தாள் கிழியாமல் கழன்றது. கீழே இருந்த தாளில் காணப்பட்டவை: ‘கையால் தொடக்கூடாது. துடைக்கக்கூடாது. எதனாலும் தேய்க்கக்கூடாது, தேய்த்தால் எடை குறையும். பித்தளை தானாக மங்கும். மங்குவது குறையன்று.’ உரக்கப் படித்துக் காட்டப்பட்டது.)

கடைசி மூன்று வரிகளை நான் இன்றுதான் கேட்கிறேன். அன்று இன்னும் ஒரு வரி படித்திருந்தால் ஏன் என்று தெரிந்திருக்கும்.

நான் பயன்படுத்திய துணிகளைத் துவைக்கவில்லை. துவைத்தால் பசை போய்விடும் என்பதால் அப்படியே மடித்து, இந்த அலமாரியின் கீழ்த்தட்டில் பையில் வைத்திருந்தேன். அவற்றை இப்போது ஒப்படைக்கிறேன். இவற்றில் உள்ள கறுப்பை அழுக்கு என்று நினைத்துத்தான் இரண்டு ஆண்டு தேய்த்தேன். அது அழுக்கு இல்லை. ஊரின் எடையில் குறைந்ததெல்லாம் இந்தப் பையில்தான் இருக்கிறது. ஆய்வாளர் அரம் போட்டு ராவவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

அலுவலர் எண்ணிப் பார்த்துவிட்டு, எடைக்கல் பன்னிரண்டு, துணி பதினொன்றுதானே இருக்கிறது என்று கேட்டார். இல்லாதது இரண்டு கிலோ எடைக்கல்லின் துணி. அது வீட்டில், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. மருத்துவமனைக் கருவியைத் தலைநகரத்து அம்மா சோதித்தபோது, இரண்டு கிலோவுக்கு மூன்று கிராம் கூடுதலாகக் காட்டுகிறது என்று அறிக்கையில் எழுதினார். அதை நான்தான் நகல் எடுத்தேன். எடுக்கும்போது கணக்குப் போட்டுவிட்டேன். ஜூன் இரண்டாம் தேதி என் குழந்தை இரண்டாயிரத்து ஒன்று இல்லை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. சரியான தராசாக இருந்திருந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்றிருப்பார்கள். மறுநாள் ஒன்பது மணிக்கு எடை போட்டு, பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவர் ஏழு மணிக்குப் போய்விட்டார். ஒரு சிட்டிகை கம்மி என்று அவர் சொன்னது விளையாட்டுக்குத்தான். ஆனால் அவர் கை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

விதியை மறைத்ததற்கு வருந்துகிறேன். பொய் சொன்னதற்கும், ஆய்வாளர் என்னால் தலைகுனிந்ததற்கும், ஊரில் ஒவ்வொருவரும் வாங்கிய பொருளில் கொஞ்சம் குறைந்ததற்கும் வருந்துகிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். அந்த மூன்று கிராமுக்கு மட்டும் வருந்த முடியவில்லை. வருந்துகிறேன் என்று எழுதினால் இந்த வாக்குமூலத்தில் ஒரு பொய் சேர்ந்துவிடும். அந்தத் துணியைச் சட்டப்படி கேட்டால் கொண்டுவந்து தருகிறேன். கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்கும்.

இதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். என் வாயிலிருந்து வந்தபடியே இருக்கிறது. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. தெரிந்து, தெளிந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
அலுவலக உதவியாளர், எடையளவுப் பிரிவு

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, என்னால் பதியப்பட்டது.
இணைப்பு: பழைய தாள் ஒட்டியுள்ள பெட்டி மூடி, ஒன்று. கழற்றப்பட்ட அரசாணை நகல், ஒன்று. எடைக்கற்கள் துடைத்த துணிகள், பதினொன்று. அனைத்தும் குறைவின்றி, முழுமையாகப் பெற்றுக்கொள்ளப்பட்டன.

(ஒப்பம்)
விசாரணை அலுவலர்